புல் குடித்த தண்ணீர்

திருச்சிராப்பள்ளியிலிருந்து ஒரு சகோதரி நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். வீட்டு முற்றத்தின் ஓரமாக வெட்டிவேர் ஒரு வரிசை, தொட்டிகளில் செந்நிறக் கதிர்விடும் அலங்காரப் புல் நான்கு, வாசலில் பாய் விரித்தாற்போல் கொஞ்சம் அருகம்புல் ஆகியவற்றை வைத்துப் போற்றி வருகிறாராம். "காலையிலும் மாலையிலும் ஒரு வேளைகூடத் தவறாமல் தண்ணீர் ஊற்றுகிறேன். அப்படியிருந்தும் நுனி கருகுகிறது. அடி மஞ்சள் பூக்கிறது. இன்னும் எவ்வளவுதான் ஊற்ற வேண்டும்?" என்பது அவருடைய கேள்வி.

"இன்னும் குறைவாக" என்று இரண்டே வார்த்தைகளில் விடை எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிடலாம். ஆனால், அந்த இரண்டு வார்த்தைகளைக் கற்றுக்கொள்வதற்கு நமக்கு ஒரு முழுக் கோடைகாலமும், அதோடு கொஞ்சம் மானமும் செலவாயின. ஆகையால் விஷயத்தை முதலிலிருந்து சொல்வதுதான் நியாயம்.

நமது வீடு சென்னைக்குத் தெற்கே உள்ள ஒரு புறநகரில் இருக்கிறது. 2016ஆம் வருஷம் டிசம்பர் மாதம் அடித்த வர்தா புயலில் வாசலில் நின்ற வேப்பமரம் வேரோடு சாய்ந்தது. மரம் போன இடத்தில் பத்தடிக்குப் பத்தடி வெட்டவெளி. வெயில் நேரே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. இன்னொரு வேம்பை நட்டு அதன் நிழலுக்காகப் பத்து வருஷம் காத்திருக்கும் பொறுமை நமக்கு எங்கே? நாற்றுப் பண்ணைக்காரர் ஒருவர் கொரியப் புல்லைச் சதுரம் சதுரமாக வெட்டிக் கொண்டுவந்து, ஒரே நாளில் பச்சைக் கம்பளம் விரித்துவிட்டுப் போனார். போகிறபோது, "ரெண்டு வேளையும் தண்ணி விடுங்க, சார்" என்றார். புதிதாக நட்ட புல்லுக்கு அது சரியான யோசனைதான். வேர் பிடிக்கும் வரையில், அதாவது இரண்டு மூன்று வாரங்கள், அப்படித்தான் செய்யவேண்டும். எப்போது நிறுத்துவது என்பதை அவர் சொல்லவில்லை; நாமும் கேட்கவில்லை. அந்த மூன்று வாரம் நம் வீட்டில் இரண்டே கால் வருஷமாக நீண்டது.

2019ஆம் வருஷம் சித்திரை மாதம். அதற்கு முந்திய ஐப்பசி கார்த்திகையில் சென்னைப் பக்கம் மழை பொய்த்துப் போயிருந்தது. தெருவில் பல கிணறுகள் பங்குனியிலேயே வற்றிவிட்டன. நம்முடையது மற்றவற்றைவிடச் சற்று ஆழமானது. அதில் மட்டும் தண்ணீர் இருந்தது. ஒரு நாள் மாலை வழக்கம்போல் ரப்பர்க் குழாயைப் பிடித்துப் புல்லுக்கு அபிஷேகம் செய்துகொண்டிருந்தோம். எதிர்வீட்டுப் பாட்டி இடுப்பில் காலிக் குடத்தோடு வாசற்படியில் வந்து நின்றாள். சற்று நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "ஏன் தம்பி, புல்லு குடிச்சது போக மிச்சம் இருந்தா எனக்கு ஒரு குடம் கொடுங்களேன்" என்றாள்.

அதில் கோபமோ குத்தலோ இருந்ததாகச் சொல்ல முடியாது. பாட்டி சாதாரணமாகத்தான் கேட்டாள். அதனால்தான் அது அப்படித் தைத்தது போலிருக்கிறது. குடத்தை வாங்கி நிரப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே வந்தோம். நமது சம்சாரம் அடுக்களையிலிருந்தே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் கணக்குச் சொல்லித் தருகிறீர்களே, இந்தப் புல் எத்தனை குடம் குடிக்கிறது என்று என்றைக்காவது கணக்குப் போட்டதுண்டா?" என்று கேட்டாள்.

போட்டதில்லை. அன்றிரவே போட்டோம்.

குழாய்க்கு அடியில் ஒரு குடத்தை வைத்துக் கடிகாரத்தைப் பார்த்தோம். பதினைந்து லிட்டர் பிடிக்கும் குடம் ஒரு நிமிஷத்தில் நிரம்பிற்று. காலையில் எட்டு நிமிஷமும் மாலையில் எட்டு நிமிஷமும் குழாயைப் பிடிப்பது நமது வழக்கம். ஆக, தினம் பதினாறு குடம், 240 லிட்டர்! சரி, புல்லுக்கு உண்மையில் எவ்வளவு வேண்டும்? ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு மில்லிமீட்டர் உயரம் நீர் நின்றால் அது ஒரு லிட்டர். பத்தடிக்குப் பத்தடி என்பது ஏறக்குறைய 9.3 சதுர மீட்டர். நம் ஊர்க் கோடையில் பசும்புல் தரையிலிருந்து நாளொன்றுக்குச் சுமார் ஐந்து மில்லிமீட்டர் நீர் ஆவியாகிப் போகிறது என்று வைத்துக்கொண்டால், 46 லிட்டர். அதாவது மூன்று குடம். மூன்று குடம் வேண்டிய இடத்தில் பதினாறு குடம் கொட்டியிருக்கிறோம். இந்தத் தப்புக் கணக்கை ஒரு பையன் செய்து கொண்டுவந்திருந்தால் பெஞ்சியின்மேல் ஏற்றியிருப்போம்.

மிச்சம் பதின்மூன்று குடமும் மண்ணுக்குள் இறங்கித் திரும்பக் கிணற்றுக்குத்தானே வரும் என்று நேயர்களில் யாராவது வக்காலத்துக்கு வரலாம். ஒரு பங்கு வரும் என்பது உண்மையே. ஆனால் குழாயைப் பிடித்தபடி நின்றால் பாதி நீர் சரிந்து தெருவுக்கு ஓடுகிறது. வெயிலில் தெளிப்பதில் ஒரு பங்கு தரையைத் தொடுமுன்பே போய்விடுகிறது. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. கிணறு நம்முடையது என்று நாம் சொல்லிக்கொள்கிறோமே தவிர, அடியில் உள்ள நீர் ஒன்றே. மேலே வாய்கள்தான் பல. நம் ஆழக் கிணறு இறைத்த நீரில் பாட்டியின் ஆழமில்லாக் கிணற்றுக்கும் பங்கு இருந்திருக்கவேண்டும். அன்றிரவு நமக்குத் தூக்கம் சரியாக வரவில்லை.

மறுநாளிலிருந்து குழாய் சுருட்டி வைக்கப்பட்டது. பாட்டி தினம் இரண்டு குடம் எடுத்துப் போனாள். ஆனி மாதம் பிறக்கும்போது நம் கிணறும் தரை தட்டியது. அந்த ஜூன் மாதம் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் அநேகமாக வறண்டு கிடந்ததும், ஜூலை 12ஆம் தேதி முதல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயில் வண்டியில், ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர் வீதம் சென்னைக்குக் குடிதண்ணீர் வந்ததும் நேயர்களுக்கு நினைவிருக்கும். அந்த நாட்களில் புல்லைப் பற்றிப் பேசுவதற்கே வெட்கமாயிருந்தது.

நமது பச்சைக் கம்பளம் இரண்டு வாரத்தில் தேங்காய்நார் நிறமாயிற்று. ஆடியில் கையால் இழுத்தால் பாய்போலச் சுருண்டு வந்தது. அடியைத் திருப்பிப் பார்த்தோம். வேர் இரண்டு விரற்கடைக்குமேல் கீழே போகவே இல்லை. ஏன் போகவேண்டும்? இரண்டு வேளையும் எஜமானர் வாயருகே தண்ணீர் கொண்டுவந்து ஊட்டுகிறபோது, கீழே இறங்கித் தேடும் சிரமத்தை எந்த வேர்தான் மேற்கொள்ளும்? இரண்டே கால் வருஷம் பாராட்டி வளர்த்து, தன் காலில் நிற்கத் தெரியாத பிள்ளையாக அதை ஆக்கியது நாமேதான்.

இதிலே வேடிக்கை என்னவென்றால், அந்தச் சதுரத்தின் ஓரத்தில் களை என்று நாம் பிடுங்கிப் பிடுங்கி எறிந்த அருகம்புல் சாகவில்லை. அதுவும் காய்ந்து சருகாய்த்தான் கிடந்தது. ஆவணியில் இடியோடு ஒரு மழை பெய்ததும், ஐந்தாறு நாளில் கணுக்கணுவாகப் பச்சை காட்டிற்று. துவைக்கிற கல்லுக்குப் பின்னால் யாரோ கொடுத்தார்கள் என்று ஊன்றி வைத்திருந்த நான்கு வெட்டிவேர்த் தூர்களோ, அந்தக் கோடை முழுவதும் துணி அலசிய நீரைத் தவிர வேறொன்றும் காணாமல், இடுப்பளவு நின்றன.

இதற்குக் காரணம் விதியல்ல, வேர். வெட்டிவேர் நல்ல மண்ணில் நேர் கீழாக மூன்று மீட்டர் ஆழம்வரை இறங்கக்கூடியது. பக்கத்துச் செடியோடு சண்டைக்குப் போகாது. அதனால்தான் கரை சரியாமல் காக்க அதை வரப்பில் நடுகிறார்கள். 1980களில் உலக வங்கியைச் சேர்ந்த விவசாய நிபுணர்கள் மண் அரிப்பைத் தடுக்க இந்தியாவில் இந்தப் புல்லைப் பரப்ப முனைந்தார்கள். பிறகு அது பல தேசங்களுக்கும் போயிற்று. போன இடமெல்லாம் நமது தமிழ்ப் பெயரையும் கொண்டுபோயிற்று: ஆங்கிலத்தில் அதற்கு வழங்கும் பெயர் 'வெட்டிவேர்' என்பதன் திரிபேயாகும். கடலூர்ப் பக்கத்துக் கரையோர மணலில் அதையே பயிராக வைக்கிறார்கள். அருகம்புல்லுக்கு வேறு வித்தை தெரியும். தரைக்குமேல் ஒரு கொடி, தரைக்குக் கீழ் ஒரு தண்டு என்று இரண்டு சேமிப்புக் கணக்கு வைத்திருக்கிறது. மேலே உள்ளது போனாலும் கீழே உள்ளதை எடுத்துத் திரும்பக் கடை திறக்கும்.

வேரோடு இலையும் ஒரு யுக்தி செய்கிறது. 1966ஆம் வருஷம் ஆஸ்திரேலியாவில் ஹாட்ச், ஸ்லாக் என்ற இரு விஞ்ஞானிகள் கரும்பின் இலையை ஆராய்ந்து, அது காற்றிலுள்ள கரியமில வாயுவை மற்றச் செடிகளைப்போல் அல்லாமல் வேறொரு வழியில் பிடித்துச் சேர்க்கிறது என்று விளக்கினார்கள். கரும்பும் ஒரு புல்தான் அல்லவா? அருகு, வெட்டிவேர், எலுமிச்சைப் புல், திருச்சி சகோதரியின் செந்நிறக் கதிர்ப் புல் எல்லாம் இந்த வகையைச் சேர்ந்தவை. நாம் கொன்ற கொரியப் புல்லும் அவ்வகைதான் என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. இவற்றின் இலைத்துளைகள் கொஞ்சமே திறந்திருந்தாலும் போதும். ஆகையால் அவற்றின் வழியே வெளியேறும் நீரும் குறைவு. ஒரே எடை வளர்வதற்கு மற்றச் செடிகளுக்கு வேண்டிய நீரில் ஏறக்குறையப் பாதி போதுமானது. நெல்லுக்கு இந்த யுக்தி கிடையாது; மூங்கிலுக்கும் கிடையாது. நெல்லுக்குப் பாய்ந்ததில் புல்லுக்கும் கொஞ்சம் கசியட்டும் என்று நினைத்த ஔவையாருக்கு இந்த ஆராய்ச்சியெல்லாம் வேண்டியிருக்கவில்லை. புல்லுக்குக் கசிவே போதும் என்பது அந்த அம்மைக்குத் தெரிந்தே இருந்தது.

வருஷம் முழுவதும் தூறல் விழுகிற சீமையிலே பிறந்த ஏற்பாடு, இந்தத் தினசரிப் பச்சைத் தரை. அங்கே வானம் செய்கிற வேலையை இங்கே கிணறு செய்யவேண்டுமென்றால் எப்படிச் சரிப்படும்? நம் ஊர்ப் புல்லுக்குக் காய்கிற பருவம் என்று ஒன்று உண்டு. அதைக் காயவிடத்தான் வேண்டும்.

இனி, மாதக் கணக்குக்கு வருவோம்.

சித்திரை, வைகாசியில்தான் கையைக் கட்டுப்படுத்துவது கடினம். வேர்பிடித்துப் பழகிய அருகந்தரைக்குப் பத்து நாளைக்கு ஒரு முறை ஓர் அங்குல உயரம் நீர் போதும். பத்தடிச் சதுரத்துக்கு அது பதினைந்து பதினாறு குடம் ஆகிறது. நாளொன்றுக்குக் கணக்கிட்டால் ஒன்றரைக் குடம். தினம் ஊட்டுகிறவர்களுக்கு ஆவதில் பாதி. ஒரே மூச்சில் கொட்டாமல், மண் உறிஞ்ச உறிஞ்ச நிறுத்தி நிறுத்தி விடவேண்டும். மணல் கலந்த மண்ணில் ஓர் அங்குல நீர் ஓரடி ஆழம் இறங்கும். களிமண்ணில் அதில் பாதிகூட இறங்காது. மணல் நிலத்துக்காரர்கள் அளவைப் பாதியாக்கி, ஐந்து நாளைக்கு ஒரு முறையாக வைத்துக்கொள்வது உத்தமம். விடியற்காலையில் விடவேண்டும். புல்லை இந்த மாதங்களில் ஒட்ட வெட்டுவது மகாபாவம். மூன்று விரற்கடை உயரமாவது இருந்தால்தான் தன் வேருக்குத் தானே நிழல் கொடுக்கும். தூர்கட்டி வளரும் புற்களின் அடியில் தென்னை நாரையோ காய்ந்த சருகையோ பரப்பி வைக்கலாம். அப்படியும் கிணறு இறங்கிவிட்டதா? அருகை மறந்துவிடுங்கள். பழுப்பாகட்டும். பழுப்பானது செத்ததாகாது.

எப்போது தண்ணீர் விடவேண்டும் என்று தெரிந்துகொள்ளப் பஞ்சாங்கம் வேண்டியதில்லை. உடைந்த குடையிலிருந்து ஒரு கம்பியை எடுத்து மண்ணில் குத்திப் பாருங்கள். ஈர மண்ணில் வழுக்கிக்கொண்டு போகும். காய்ந்த இடத்தில் முட்டி நிற்கும். நாலு விரற்கடை ஆழம் தடையின்றிப் போனால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். அருகம்புல் தானே வந்து சொல்வதும் உண்டு: மிதித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் காலடித் தடம் நிமிராமல் அப்படியே கிடக்கும். அதுதான் தாகம்.

ஆனி, ஆடி மாதங்களில் ஊருக்கு ஊர் வித்தியாசம் உண்டு. சென்னைப் பக்கம் மாலை வேளைகளில் இடிமழை கிடைக்கும். திருச்சியிலோ ஆடிக்காற்று மழையைக் கொண்டுவராமல் மண்ணிலிருக்கும் ஈரத்தையும் துடைத்துக்கொண்டு போகும். அங்கே கோடைக் கணக்கையே இன்னும் சில வாரம் நீட்டவேண்டியதுதான். எந்த ஊரானாலும், பக்கம் நேராக உள்ள ஒரு பழைய தகர டப்பாவை வெட்டவெளியில் வைத்துவிடுங்கள். அதில் ஓர் அங்குலம் மழை நின்றால் பத்து நாள் விடுமுறை.

புரட்டாசியில் மழைக்கு முன்னால் தூர்களைப் பிரித்து நடலாம். வெட்டிவேரின் தோகையை ஒன்றரை அடி விட்டு வெட்டிவிட்டு, தூரைப் பிளந்து வைத்தால் மிச்ச வேலையை மழை பார்த்துக்கொள்ளும். புதிதாக நட்டதற்கு மட்டும், மழை பிந்தினால், தினம் கொஞ்சம் நீர் தேவை. மூன்று வாரம்! நாம் செய்ததுபோல் அதற்குமேல் நீட்டவேண்டாம்.

ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் ஊற்றுகிற கைக்கு வேலை கிடையாது. வடிக்கிற கைக்குத்தான் வேலை. புல் தாகத்தால் சாவதைவிடத் தேக்கத்தால் சாவது அதிகம். நீர் நிற்கிற மண்ணில் காற்று இல்லை. காற்றில்லாத வேர் அழுகும். வெட்டிவேர் ஒன்றுதான் நாள்கணக்கில் முழங்கால் நீரில் நின்றும் சளைக்காதது. அலங்காரக் கதிர்ப் புல் அப்படியல்ல; அதன் நடுத்தூரில் ஈரம் தங்கினால் உள்ளிருந்தே கெட்டுவிடும். ஆகையால் அதை மேட்டில் வைக்கவேண்டும். தொட்டியானால் அடித்துளை அடைபட்டிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். இந்த மாதங்களில் வழிகிற நீரைத் தெருவுக்கு அனுப்பாமல் பூமிக்குள் அனுப்புவதே அடுத்த சித்திரைக்கான தண்ணீர் விடுதல். 2003ஆம் வருஷம் தமிழ்நாடு முழுவதும் கட்டடங்களில் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டபோது நம் வீட்டிலும் ஒரு குழி வெட்டினோம். 2019க்குப் பிறகு அதைத் தோண்டிப் பார்த்ததில் பாதிக்குமேல் வண்டல்! இப்போது வருஷந்தோறும் ஆவணியில் தூர் வாரி, கூழாங்கல்லைக் கழுவிப் போடுகிறோம்.

மார்கழி, தையில் பனியே பாதி வேலையைச் செய்யும். மாலையில் தண்ணீர் விட்டு இலையை இரவெல்லாம் ஈரமாக வைத்தால் பூசணம்தான் பிடிக்கும். மாசி, பங்குனியில் இடைவெளியைப் பதினைந்து நாளிலிருந்து பத்து நாளாகச் சுருக்கிக்கொண்டு வரலாம். அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

இப்போது நம் வாசலில் கம்பளம் இல்லை. ஓரத்தில் வெட்டிவேர் இரண்டு வரிசை, நடுவில் அருகு, ஒரு மூலையில் எலுமிச்சைப் புல். அரிசி களைந்த நீரும் துணி அலசிய கடைசி நீரும் அவற்றுக்குப் போகின்றன. சோப்பும் சோடாவும் மிகுந்த முதல் நீரை விடுவதில்லை. அது மண்ணை இறுக்கிவிடும். ஒரு தை மாதத்தில் பழைய தூர் இரண்டைத் தோண்டி, வேரை அலசி எடுத்து, எதிர்வீட்டுப் பாட்டிக்கு ஒரு பிடி கொண்டுபோய்க் கொடுத்தோம். மண்பானையில் போட்டுக்கொள்ள ஆசைப்படுவாள் என்று நமக்குத் தெரியும். மோந்து பார்த்துவிட்டு, "இது எத்தனை குடம் குடிச்சுது, தம்பி?" என்று கேட்டாள். அலசின தண்ணீர்தான் என்றோம். "அப்ப சரி" என்று முந்தானையில் முடிந்துகொண்டாள்.

திருச்சி சகோதரியின் தொட்டிகளைப் பற்றி ஒரு வார்த்தை பாக்கி இருக்கிறது. அடி மஞ்சள் பூப்பதற்குக் காரணம் அனேகமாக மிகுதியான நீரே. நுனி கருகுவதற்கு வேறொரு காரணமும் இருக்கலாம். அவர் ஊற்றுவது ஆழ்குழாய்க் கிணற்று நீராயிருந்து, அதில் உப்பும் இருந்தால், தினம் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவதில் நீர் ஆவியாகிவிடும், உப்பு மட்டும் தொட்டியில் தங்கிச் சேரும். மண்ணின்மேல் வெள்ளையாகப் பூத்திருக்கிறதா என்று பார்க்கட்டும். பூத்திருந்தால், அடுத்த நல்ல மழையில் தொட்டிகளை வெட்டவெளியில் வைத்து, அடித்துளை வழியே நீர் நன்றாக ஓடும்படி விட்டுவிடவேண்டும். மழை வரும்வரையில் காலை மாலை என்ற வழக்கத்தை நிறுத்தி, மேல்மண் இரண்டு விரற்கடை காய்ந்த பிறகு, துளையில் சொட்டும் அளவுக்கு ஒரே முறையாக ஊற்றி வரட்டும். ஒரு மாதம் கழித்துப் புதுத் தோகை எப்படி வருகிறது என்று நமக்கு எழுதினால் சந்தோஷம்.